வீட்டில் ஏசி இல்லை, கெய்சர் இல்லை. இரண்டு மாதத்துக்கு 720 யூனிட் எப்படி ஓடும்?

விளாங்குடி வாசி:

வணக்கம். மதுரை விளாங்குடியில் சொந்த வீடு. கீழே நானும் மாமியாரும். மாடியில் ஒரு இளம் தம்பதி வாடகைக்கு இருக்கிறார்கள். மேலுக்கும் கீழுக்கும் தனித்தனி சர்வீஸ், தனி மீட்டர். இரண்டும் சிங்கிள் பேஸ்.

எங்கள் வீட்டில் கோடையிலும் இரண்டு மாதத்துக்கு 400, 420 யூனிட்டுக்கு மேல் போனதில்லை. பில் ஆயிரத்து இருநூறு சொச்சம் வரும். ஏப்ரலில் 560 வந்தது. வெயில் என்று விட்டுவிட்டேன். இப்போது ஜூனில் 720. நாலாயிரம் ரூபாய் தாண்டிவிட்டது. ரீடிங் எடுக்க வந்த தம்பியிடம் கேட்டால் "மீட்டர்ல இருக்கறதத்தான்மா எழுத முடியும்" என்கிறார். அவர் சொல்வதும் சரிதான்.

"எதையாவது அணைக்காமல் விட்டிருப்பீர்கள்" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம் என்பதற்காக என் கணக்கு நோட்டில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். 240 லிட்டர் ஃப்ரிட்ஜ், வாங்கிப் பதினைந்து வருடம் ஆகிறது. மூன்று ஃபேன், பழைய 75 வாட் ரகம். டிவி, மாமியாருக்கு சீரியல் முடிகிற வரை. கிரைண்டர் வாரம் ஒருமுறை. வாஷிங் மெஷின், மிக்ஸி, அயர்ன் பாக்ஸ். மோட்டார் ஒரு ஹெச்.பி., தினமும் அரை மணி நேரம். விளக்கெல்லாம் எல்ஈடி. ஃப்ரிட்ஜுக்கு நாளைக்கு ஒன்றரை யூனிட், ஃபேன்களுக்கு இரண்டே முக்கால் என்று தாராளமாகவே போட்டாலும் எல்லாம் சேர்த்து நாளுக்கு ஏழு யூனிட்டைத் தாண்டவில்லை. பில்லை நாட்களால் வகுத்தால் பன்னிரண்டு வருகிறது. மீதி ஐந்து யூனிட்டை யார் சாப்பிடுகிறார்கள்?

பெங்களூரில் இருக்கும் மகன் "ஃப்ரிட்ஜை மாத்தும்மா" என்கிறான். முப்பதாயிரத்தைக் கொட்டுவதற்கு முன் காரணம் தெரிய வேண்டும் எனக்கு.

பீளமேட்டுக்காரன்:

அக்கா, இவ்வளவு கணக்கோடு கேள்வி கேட்பவர்களை இங்கே பார்ப்பதே அபூர்வம்.

ஃப்ரிட்ஜ் சந்தேகம் நியாயம்தான். கதவு ரப்பர் போயிருந்தால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும். ஒரு ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்ற வேண்டியதுதான். ஆனால் கம்ப்ரஸர் இருபத்துநாலு மணி நேரமும் ஓடினால்கூட மூன்று யூனிட் சுற்றித்தான் வரும். ஏற்கெனவே ஒன்றரை போட்டிருக்கிறீர்கள். உங்கள் ஐந்து யூனிட்டை அது மட்டுமே விளக்காது.

நான் சொல்வது வேறு வழி, செலவில்லாதது. மீட்டரில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் 3200 இம்பல்ஸ் என்றோ 1600 என்றோ எழுதியிருக்கும். 3200 என்றால் அத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட். ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் எத்தனை விநாடி என்று பாருங்கள். 1125-ஐ அந்த விநாடியால் வகுத்தால் அந்த நேரத்தில் ஓடும் வாட் வந்துவிடும். மூன்று விநாடி என்றால் 375 வாட். பத்து மின்னலுக்கு நேரம் பார்த்துப் பத்தால் வகுத்தால் இன்னும் துல்லியம். 1600 மீட்டராக இருந்தால் 1125-க்குப் பதில் 2250.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஃப்ரிட்ஜை மட்டும் ஓடவிட்டு ஒருமுறை. அப்புறம் டிபி பாக்ஸில், அதாவது வீட்டு லைன்கள் பிரியும் பெட்டியில், இருக்கும் எம்சிபி (லோடு அதிகமானால் தானாக விழும் சின்ன சுவிட்ச்) எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஒருமுறை. காலையிலும் பாருங்கள், ராத்திரியிலும் பாருங்கள்.

தேனி மலையரசன்:

மோட்டாரை விட்டுவிட்டீர்களே. கோடையில் போர் தண்ணீர் கீழே இறங்கினால் அதே தொட்டி நிரம்ப அரை மணிக்கு முக்கால், ஒரு மணி ஆகும். ஒரு ஹெச்.பி. மோட்டார் ஒரு மணி ஓடினால் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. எங்கள் வீட்டில் ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர். மேல்தொட்டி வால்வு ஒழுகிக்கொண்டே இருந்திருக்கிறது. எல்லாரும் தூங்கும்போது மோட்டார் தானாகப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் "என்ன சார், ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி ஏத்தறீங்க" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

சிக்கனம் சின்னையா:

டிவி, செட்டாப் பாக்ஸ், சார்ஜர் எல்லாவற்றையும் பிளக்கில் அணையுங்கள். பாதி பில் குறையும்.

பீளமேட்டுக்காரன்:

சின்னையா சார், செட்டாப் பாக்ஸ் பத்து வாட் என்று வைத்தால் இரண்டு மாதமும் விடாமல் எரிந்தாலும் பதினாலரை யூனிட். சார்ஜர் அதுவும் இல்லை. அணைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அக்காவுக்குத் தொலைந்தது முந்நூறு யூனிட்.

விளாங்குடி வாசி:

எல்லாருக்கும் நன்றி. மோட்டார் கை சுவிட்ச்தான், தானாக ஓட வழியில்லை. தொட்டி நிரம்பும் நேரமும் மாறவில்லை. ரூபாய் நோட்டு வழுக்கவில்லை.

மீட்டர் 3200-தான். காலை ஆறு மணிக்கு ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடும்போது எட்டரை விநாடிக்கு ஒருமுறை மின்னியது. அதாவது 130 வாட். பதினைந்து வருட ஃப்ரிட்ஜுக்கு இது மோசமில்லை. மகனுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்.

ராத்திரி நடந்ததுதான் புரியவில்லை. ஒன்பதரைக்கு எம்சிபி ஒன்று விடாமல் இறக்கினேன். வீடே இருட்டு, மாமியார் திட்டுகிறார்கள். டார்ச் அடித்து மீட்டரைப் பார்த்தால் ஒன்றரை விநாடிக்கு ஒருமுறை மின்னுகிறது! 750 வாட். ஒரு பல்புகூட எரியாத வீட்டில். காலையில் மறுபடி எல்லாம் இறக்கிப் பார்த்தேன், மின்னவே இல்லை. மின்னும் விளக்குக்குப் பக்கத்தில் ஈ.எல். என்று எழுதிய இன்னொரு விளக்கும் ராத்திரி எரிந்துகொண்டிருந்தது. அது என்ன?

ரௌத்திரம் பழகு:

என்ன இருக்கிறது இதில்? மீட்டர் போச்சு. எல்லாவற்றையும் அணைத்த பிறகும் ஓடுகிற மீட்டர் நல்ல மீட்டரா? பணம் கட்டி மீட்டர் டெஸ்ட்டுக்கு எழுதிக்கொடுங்கள். சும்மா விடாதீர்கள்.

ஓய்வுபெற்ற வயர்மேன்:

அவசரப்படாதீர்கள் தம்பி. கெட்டுப்போன மீட்டருக்குக் காலை, ராத்திரி தெரியாது. காலையில் ஒழுங்காக இருந்து ராத்திரி மட்டும் ஓடுகிறது என்றால், ராத்திரி மட்டும் எங்கோ ஒன்று ஓடுகிறது.

அம்மா, ஈ.எல். என்பது எர்த் லீக்கேஜ் விளக்கு. பேஸில் போகிற கரண்ட்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்ட்டும் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அது எரியும். பெரும்பாலும் ஈரச் சுவர், மோட்டார் கேபிள், கெய்சர் காயில் என்று ஏதோ ஒன்றில் பேஸ் கசிந்து மண்ணுக்குப் போகும். ஆனால் நீங்கள் எம்சிபி எல்லாவற்றையும் இறக்கிவிட்டீர்கள். அதன் பிறகு உங்கள் வீட்டு லைனில் பேஸே கிடையாது. கசிய என்ன இருக்கிறது?

மூன்று கேள்வி. ஒன்று, டிபி பாக்ஸில் எம்சிபிகளோடு அகலமான இரட்டை சுவிட்ச் ஒன்று இருக்குமே, ஐசொலேட்டர், அதை இறக்கினீர்களா? இரண்டு, மாடியில் ஏசி உண்டா, எத்தனை மணிக்குப் போடுகிறார்கள்? மூன்று, இந்த வருடம் வீட்டில் மேலேயோ கீழேயோ வயரிங் வேலை ஏதாவது நடந்ததா? சின்ன வேலையாக இருந்தாலும் சொல்லுங்கள்.

விளாங்குடி வாசி:

சார், இரட்டை சுவிட்சைத் தொடவில்லை. எம்சிபி போதும் என்று நினைத்தேன்.

மாடியில் ஏசி இருக்கிறது, ஒன்றரை டன். ஒன்பது மணி வாக்கில் போடுவார்கள். ஆனால் அது அவர்கள் மீட்டர். அவர்கள் பில்லும் அவர்கள் ஏசிக்குத் தகுந்தபடிதான் வருகிறது, கேட்டுப் பார்த்துவிட்டேன். எங்கள் லைனிலிருந்து திருடியிருந்தால் அவர்களுக்குக் குறைந்திருக்க வேண்டுமே? அந்தப் பிள்ளைகள் அப்படிப்பட்டவர்களும் இல்லை.

வேலை என்றால், பிப்ரவரியில் மாடியில் இன்வெர்ட்டர் வைத்தார்கள். கரண்ட் போனால் மாடிப்படி இருட்டாகிறது, மாமியார் விழுந்துவிடக்கூடாது என்று படி விளக்கையும் அந்தத் தம்பியே தன் இன்வெர்ட்டரில் சேர்த்துக் கொடுத்தார், நல்ல மனதோடுதான். அதற்கப்புறம் எங்கள் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) அடிக்கடி டிரிப் ஆனது. இன்வெர்ட்டர் வைத்த எலக்ட்ரீஷியனே வந்து பார்த்துவிட்டு, "இது பழசு, சும்மா சும்மா விழுது" என்று அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துவிட்டுப் போனார்.

ஓய்வுபெற்ற வயர்மேன்:

கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். அந்த ஆர்சிசிபி சும்மா விழவில்லை. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே விழ வேண்டும் என்று செய்த பொருள் அது. வித்தியாசம் வந்தது, விழுந்தது. எச்சரித்ததன் வாயை மூடிவிட்டுப் போயிருக்கிறார் அந்த எலக்ட்ரீஷியன்.

விஷயம் இது. மாடிப்படி விளக்குக்கு முன்பு பேஸும் நியூட்ரலும் கீழ் வீட்டிலிருந்து வந்திருக்கும். இப்போது மாடியிலிருந்து இன்வெர்ட்டர் லைன் வந்திருக்கிறது. பழைய பேஸைக் கழற்றியவர் பழைய நியூட்ரலைக் கழற்றாமல், மாடி நியூட்ரலையும் அதோடு முறுக்கி டேப் சுற்றியிருப்பார். விளக்கு நன்றாக எரியும். ஆனால் உங்கள் நியூட்ரலும் மாடி நியூட்ரலும் அந்த இடத்தில் ஒன்றாகிவிட்டன. மாடி ஏசிக்குக் கரண்ட் அவர்கள் மீட்டரின் பேஸ் வழியாகப் போகிறது. திரும்பி வரும்போது இரண்டு வழி இருக்கிறது: அவர்கள் நியூட்ரல், உங்கள் நியூட்ரல். கரண்ட்டுக்கு வீட்டுக்காரர் யார், வாடகைக்காரர் யார் என்று தெரியாது. இரண்டிலும் பிரிந்து வரும்.

இப்போது மீட்டரின் குணத்தைப் பாருங்கள். பழைய சக்கர மீட்டர் ஒரு கம்பியில் மட்டும்தான் அளந்தது. அளக்கும் அந்தக் கம்பியில் ஓடாமல் எர்த் வழியாகக் கரண்ட்டைத் திருப்பித் திருடியவர்கள் அந்தக் காலத்தில் நிறைய. அதைத் தடுக்கத்தான் இப்போதைய சிங்கிள் பேஸ் மீட்டர் பேஸ், நியூட்ரல் இரண்டையும் அளந்து எது அதிகமோ அதைக் கணக்கில் எடுக்கிறது. மாடி மீட்டரில் பேஸ் அதிகம், அதனால் அவர்களுக்கு முழு ஏசியும் ஏறிவிடும், ஒரு யூனிட்கூடக் குறையாது. உங்கள் மீட்டரில் பேஸ் சொற்பம், நியூட்ரல் அதிகம். அதனால் அதே ஏசியின் ஒரு பங்கு உங்களுக்கும் ஏறும். ஒரே கரண்ட்டுக்கு இரண்டு பில். அவர்கள் பில் சரியாக இருக்கிறதே என்று நீங்கள் குழம்பியது இதனால்தான். நீங்கள் அயர்ன் பாக்ஸ் போடும்போது அவர்களுக்கும் கொஞ்சம் ஏறியிருக்கும், ஏசி மறைவில் தெரிந்திருக்காது.

எம்சிபி பேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் கம்பி அப்படியே இருக்கும். ஐசொலேட்டர் இரண்டையும் வெட்டும். இன்று ராத்திரி மாடி ஏசி ஓடும்போது முதலில் எம்சிபிகளை இறக்குங்கள், மின்னும். பிறகு ஐசொலேட்டரை இறக்குங்கள். மின்னுவது நின்றால் நான் சொன்னது சரி.

பெட்டியைத் திறக்காதீர்கள். எம்சிபி எல்லாம் இறங்கியிருந்தாலும் அந்த நியூட்ரலில் கரண்ட் இருக்கிறது.

விளாங்குடி வாசி:

நின்றுவிட்டது சார்! ஐசொலேட்டரை இறக்கியதும் பட்டென்று நின்றது, ஈ.எல். விளக்கும் அணைந்தது. மாடியில் ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது, நானே ஏறிப்போய்க் கேட்டேன். திரும்பப் போட்டால் மறுபடி மின்னுகிறது. ஏசியை நிறுத்தச் சொன்னேன், அப்போதும் நின்றது.

ரௌத்திரம் பழகு:

சரி, மீட்டர் டெஸ்ட் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் உபயோகிக்காத கரண்ட்டுக்குப் பணம் கட்டுவது அநியாயம்தானே? திரும்பக் கேட்க முடியாதா?

ஓய்வுபெற்ற வயர்மேன்:

மீட்டர் அதன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. சோதனைக்கு அனுப்பினாலும் சரி என்றுதான் வரும். தவறு மீட்டருக்கு இந்தப் பக்கம், வீட்டு வயரிங்கில். அதற்கு வீட்டுக்காரர்தான் பொறுப்பு.

அம்மா, வேறு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், லைசென்ஸ் உள்ளவராக. டாங் டெஸ்டர் (கம்பியைச் சுற்றிப் பிடித்துக் கரண்ட்டை அளக்கும் கருவி) வைத்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து அதன் வாய்க்குள் விட்டால் சுழி (ஜீரோ) காட்ட வேண்டும். காட்டாத வரை வேலை முடியவில்லை. மாடி மீட்டருக்கு அடுத்துள்ள நியூட்ரல் ஸ்க்ரூக்களையும் பார்க்கச் சொல்லுங்கள். படி விளக்குக்கு மெல்லிய வயர்தான் போட்டிருப்பார்கள். அது வழியாக இவ்வளவு கரண்ட் உங்கள் பக்கம் வருகிறது என்றால், மாடியின் சொந்த நியூட்ரலில் எங்கோ பிடிப்பு இல்லை. அது முழுக்க விட்டுப்போனால் மாடி லோடு மொத்தமும் அந்த மெல்லிய வயரில்தான் திரும்பும். பில்லை விட எனக்கு அதுதான் கவலை.

விளாங்குடி வாசி:

வேலை முடிந்தது. மாடிப்படி ஜங்ஷன் பெட்டியைத் திறந்ததும் வந்தவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சார் சொன்ன மாதிரியே இரண்டு கறுப்பு வயரை ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருக்கிறது. வயரின் மேல்தோல் வெந்து, தொட்டால் உதிர்கிறது. மாடி ஐசொலேட்டரில் நியூட்ரல் ஸ்க்ரூ தளர்ந்து சுற்றிலும் கருகியிருந்தது. மேலே இருக்கும் தம்பி, ஏசி போட்டால் சில நாள் லைட் ஒரு மாதிரி மினுக்கும், வோல்டேஜ் பிரச்சினை என்று நினைத்தேன் என்கிறார்.

டாங் டெஸ்டரில் ஏசி ஓடும்போது எங்கள் நியூட்ரலில் நாலு ஆம்பியர். பிரித்த பிறகு சேர்த்துப் பிடித்தால் சுழி. படி விளக்குக்கு மாடியிலிருந்தே தனியாக இரண்டு கம்பி இழுத்துவிட்டார், கீழ் வீட்டுச் சம்பந்தமே வேண்டாம் என்று. மாடி ஐசொலேட்டர் புதுசு, இரண்டு வீட்டுக்கும் புது ஆர்சிசிபி. பொருளும் கூலியும் சேர்த்து என் ஜூன் பில் தொகைக்குக் கொஞ்சம் அதிகமாக ஆனது. ஃப்ரிட்ஜ் விலையை நினைத்தால் பரவாயில்லை.

பணப் பேச்சு கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. தம்பி முழுதும் தருகிறேன் என்றார். அவர் தன் ஏசிக்கு ஏற்கெனவே ஒருமுறை முழுதாகக் கட்டியிருக்கிறார், அவரிடம் வாங்குவது நியாயமில்லை என்றேன். புது வேலைச் செலவில் பாதி கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். முதலில் வந்த எலக்ட்ரீஷியனுக்கு போன் செய்து சொன்னேன். "லைட் எரிஞ்சுதுல்லம்மா?" என்று கேட்டார்.

பீளமேட்டுக்காரன்:

அபாரம். அக்கா, இன்னொன்றும் பாருங்கள். யூனிட் ஏறியது ஒருபக்கம், 500-ஐத் தாண்டியது இன்னொரு பக்கம். 2022 செப்டம்பரில் வந்த மின்கட்டண அடுக்கையே எடுங்கள்: 500 யூனிட்டுக்கு 1725 ரூபாய். 501 ஆனால் 1958. ஒரே யூனிட்டுக்கு 233 ரூபாய் அதிகம், ஏனென்றால் 101 முதல் 200 வரைக்கான இரண்டேகால் ரூபாய் விகிதம் போய் அதுவும் நாலரை ரூபாய் ஆகிவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் எட்டு, ஒன்பது என்று ஏறும். 2024 ஜூலையில் இன்னும் கொஞ்சம் கூடிவிட்டது. அதனால்தான் யூனிட் ஒன்றே முக்கால் மடங்கு ஆனதற்கு, தொகை மூன்று மடங்குக்கு மேல் போனது.

பாளையங்கோட்டை நெல்லையப்பன்:

வயர்மேன் ஐயாவுக்கு ஒரு கேள்வி. இதைப் படித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் எங்கள் மீட்டரிலும் ஈ.எல். விளக்கு எரிகிறது. தனி வீடு, மாடி கிடையாது, வேறு சர்வீஸும் கிடையாது. மோட்டார் போட்டால் மட்டும் எரிகிறது, நிறுத்தினால் அணைகிறது. போர்வெல் சப்மெர்சிபிள், இரும்புப் பைப். ஆர்சிசிபி இல்லை.

ஓய்வுபெற்ற வயர்மேன்:

உங்களுடையது நிஜமான கசிவு. போருக்குள் மோட்டார் கேபிளில் ஜாயின்ட் இருக்கும், அங்கே டேப் போய்த் தண்ணீர் இறங்கியிருக்கும். இல்லையென்றால் மோட்டார் வைண்டிங். பேஸில் போவதில் ஒரு பகுதி தண்ணீருக்குள்ளேயே போய்விடுகிறது, மீட்டர் அதற்கும் சேர்த்துத்தான் எழுதுகிறது.

பில் கிடக்கட்டும். இரும்புப் பைப் என்கிறீர்கள். மோட்டார் ஓடும்போது பைப்பையோ, போர் மூடியையோ, அதைச் சுற்றியுள்ள ஈரத் தரையையோ யாரும் தொட வேண்டாம், குழந்தைகள் இருந்தால் அந்தப் பக்கமே விட வேண்டாம். இன்று தொட்டியில் இருக்கும் தண்ணீரை வைத்துச் சமாளியுங்கள். நாளைக்கே மெக்கர் (வயர் உறையில் கசிவு உண்டா என்று அளக்கும் கருவி) வைத்திருப்பவரைக் கூப்பிட்டு இன்சுலேஷன் பார்க்கச் சொல்லுங்கள். அளவு குறைவாகக் காட்டினால் மோட்டாரை மேலே தூக்கித்தான் ஆக வேண்டும். போர் எத்தனை அடி? கேபிள் எப்போது மாற்றியது?